ஆறு ரீடர், ஒரு வாசகி

மார்ச் 2, திங்கள்

காலையில் ரீடரைத் திறந்தால் உச்சியில் ஒரு மஞ்சள் பட்டை. இம்மாதம் 31ஆம் தேதியோடு சேவையை நிறுத்துகிறார்களாம். இத்தனை ஆண்டுகள் உடனிருந்ததற்கு நன்றியாம். நன்றியை வைத்து நான் என்ன செய்ய?

ஒன்பது வருடப் பழக்கம். எனக்குப் பிடித்த நூற்றுப் பதினெட்டு வலைப்பதிவுகளில் யார் எப்போது எதை எழுதினாலும் போய் எடுத்துவந்து, தேதிவாரியாக அடுக்கி வைத்துவிடும். நான் பல் விளக்குவதற்கு முன்னால் அதைத்தான் திறப்பேன். பல் செய்வதே தொழிலாகக் கொண்டவள் இதை எழுதக்கூடாது. எழுதிவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். "நேரா அந்தந்தப் பதிவுக்கே போய்ப் பார்த்துக்கோயேன்" என்றார்.

"தினமும் நூத்திப் பதினெட்டு வீட்டுக் கதவைத் தட்டவா?"

"அவ்வளவு பேர் வீட்டுக் கதை உனக்கு எதுக்கு?"

இந்த மனிதரிடம் போய்ச் சொன்னேன் பாருங்கள், என்னைச் சொல்லணும்.

மார்ச் 4, புதன்

பழசு (இனி அதற்கு இதுதான் பெயர்) என் பட்டியல் முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டது. புது ரீடர் எதில் வேண்டுமானாலும் அந்தக் கோப்பைப் போட்டால் நூற்றுப் பதினெட்டும் அங்கே குடியேறிவிடும். சாகப்போகிற நேரத்திலும் எவ்வளவு பொறுப்பு!

கோப்பைத் திறந்து பார்த்தேன். எழுபத்திரண்டாவது வரியில் 'இரண்டு மாடிக்கு நடுவே'. மற்ற நூற்றுப் பதினேழும் தொலைந்தால் வருத்தப்படுவேன். இது ஒன்று தொலைந்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

இதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். அந்தப் பதிவை எழுதுவது என் நாத்தனார். இவருடைய அக்கா. லிஃப்ட் மெக்கானிக். பெயர் போடாமல் எழுதுகிறார்; வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டரை வருடத்துக்கு முன்னால் வேறொரு பதிவிலிருந்த சுட்டியைப் பிடித்துப் போனேன். யாரோ ஒரு லிஃப்ட்காரர் என்று நினைத்து வாய் பிளந்து படித்துக்கொண்டே போனால், பதினோராவது பதிவில் நான்! 'என் தம்பி மனைவி பல் செய்கிறவள். யார் சிரித்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டாள், பல்லைப் பார்ப்பாள். புதுப்பல் கட்டிய ஒருவர் இன்று லிஃப்ட் கண்ணாடியில் சிரித்துப் பார்த்துக்கொண்டே ஏழு மாடி போனார். எந்த லேபில் செய்தது என்று கேட்டேன். அவளுடைய லேப்தான். வெளியே வந்து கொஞ்ச நேரம் பெருமையாக நின்றேன்.'

பெருமையாக நின்றாராம்! நேரில் ஒரு நாளாவது சொல்லியிருப்பாரா?

மார்ச் 8, ஞாயிறு

வழக்கம்போல மதியம் நாத்தனார் வீட்டுச் சாப்பாடு. அவர் தனியாக இருப்பவர். நாங்கள் இரண்டு பேர்தான் வாராவாரம் விருந்தாளி.

"என்ன பல்லம்மா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு. எந்நேரமும் ஃபோனா?"

"படிக்கிறேன்கா."

"படிச்சா பல்லு சீக்கிரம் முளைக்குதா?"

இவர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. அதே வாயா இது? போன வாரம் எழுதியிருந்தாரே: லிஃப்ட் நிற்கும் இடத்துக்கும் தரைக்கும் ஒரு அடி இடைவெளி இருந்தால் யாரும் விழுவதில்லை, பார்த்துக் கால் வைப்பார்கள், அரை விரல் வித்தியாசம்தான் ஆளைத் தடுக்கிவிடும் என்று. நான் அதை மாவுக்காரரிடம்கூடச் சொன்னேன். (எங்கள் லேபில் பல் அச்சுக்கு மாவு ஊற்றுபவர். தலைமுடி வரைக்கும் வெள்ளை.) "யாருங்க எழுதினது? பெரிய ஆளா இருப்பாங்க போல" என்றார். பெரிய ஆள்தான். என் எதிரே உட்கார்ந்து, நான் சம்பாதித்த மானத்தை வாங்கிக்கொண்டிருக்கிற ஆள்.

"நான் படிக்கிறேன் அக்கா, நீங்க அற்புதமா எழுதுறீங்க" என்று சொல்லிவிட எத்தனை ஞாயிறு வாய் வரை வந்திருக்கிறது. சொன்னால் அடுத்த நாளிலிருந்து நான் படிப்பது தெரிந்தே எழுதுவார். கூசிப்போவார். இல்லை, நிறுத்தியே விடுவார். வேண்டாம் சாமி.

மார்ச் 10, செவ்வாய்

முதல் பரீட்சை. இதற்குப் பெரிய வீடு என்று பெயர் வைத்தேன். அறைக்குள் அறை, அலமாரிக்குள் அலமாரி. எந்தப் பதிவை எந்த அறையில் வைத்தோம் என்று தேடியே மதிய இடைவேளை போய்விட்டது. ஆனால் தேடினால் கண்டுபிடித்துத் தருகிறது. அதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

மார்ச் 11, புதன்

இரண்டாவது: மாமியார். எனக்கு எது பிடிக்கும் என்று அதுவே முடிவு செய்து மேலே வைக்கிறது. என் நிஜ மாமியார் இருந்தவரை இவ்வளவு தலையிட்டதில்லை.

மார்ச் 13, வெள்ளி

ஒரே நாளில் இரண்டு. அவசரக்காரன், கால் மணிக்கொரு தரம் டிங் என்கிறான். பீங்கான் பல்லுக்கு மேல்பூச்சு பூசும்போது டிங்! தூரிகை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு முன்பல் பாழ். இன்னொன்று பத்திரிகை. படம் பெரிதாக, அழகாக, பளபளவென்று. ஆனால் எழுத்தை நாலு வரியில் வெட்டிவிடுகிறது. நாத்தனாரின் பதிவில் படமே கிடையாது, அதனால் அவருக்கு ஒரு சாம்பல் கட்டம். சாம்பல் கட்டமா அவர்?

மார்ச் 15, ஞாயிறு

ஐந்தாவது கிடைத்தது. வெள்ளைப் பக்கம், தேதி வரிசை, நல்ல பெரிய எழுத்து. தமிழ் எழுத்து உடையவில்லை. நாளைக்கு ஒரு முறைதான் போய் எடுத்துவருமாம், காலை ஆறு மணிக்கு. வேறு ஒன்றும் கிடையாது. அமைதி என்று பெயர் வைத்தேன். யார் செய்தார்களோ, அந்தக் கைக்கு ஒரு கும்பிடு. எதையெல்லாம் போடாமல் விடலாம் என்று யோசிப்பதற்குத்தான் நிறைய மூளை வேண்டும், முன்பல்லிலும் அப்படித்தான்.

இருந்தாலும் மாதக் கடைசிவரை ஆறும் ஓடட்டும். அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம்.

மார்ச் 17, செவ்வாய்

ஐயோ.

ஐயோ ஐயோ.

மதியம் நாத்தனாரின் புதுப்பதிவு. தலைப்பு: 'ஆறு பேர்'. அப்படியே கொஞ்சம் எடுத்து எழுதுகிறேன்.

'என் பதிவுக்கு ஒரு வருகைப் பதிவேடு உண்டு. லிஃப்ட் பதிவேட்டைப் பார்ப்பதுபோல இதையும் தினமும் பார்ப்பேன். இரண்டரை வருடமாக அதில் ஒரே ஒரு வாசகர். பக்கத்தில் "1 சந்தாதாரர்" என்றே போட்டிருக்கும். மூன்று வருடம் எழுதியும் ஒருவர்தான் என்றால் போதும், இந்த மாதத்தோடு கடையைக் கட்டலாம் என்றிருந்தேன். இந்த வாரம் பார்த்தால் ஆறு பேர்! ஒவ்வொருவர் பக்கத்திலும் "1 சந்தாதாரர்". ஒவ்வொருவரும் வருகிற நேரம் வேறு. ஒருவர் கால் மணிக்கொரு தரம் எட்டிப் பார்க்கிறார்; வேலை தேடிக்கொண்டிருக்கும் பையனாக இருக்கும். ஒருவர் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, ஓய்வுபெற்ற வாத்தியார். மணி அடித்தாற்போல மணிக்கொரு முறை வருகிறவர் மருத்துவமனை நர்ஸ். மூன்று மணிக்கு ஒரு முறை வருகிறவள் கைக்குழந்தைக்காரி, பால் கொடுக்கும் நேரத்தில் படிக்கிறாள். தினமும் காலை ஆறுக்கு வருகிறவர் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் வாட்ச்மேன். அப்புறம் அந்த முதல் ஆள். அவர் யாரென்று கற்பனை செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. ஆறு பேருக்கு ஆறு பாகமாக ஒன்று எழுதப்போகிறேன். ஆறாவது பாகம் முதல் ஆளுக்கு.'

அவசரக்காரன். மாமியார். பெரிய வீடு. பத்திரிகை. அமைதி. பழசு.

ஆறு பேரும் நான்தான்.

ரீடர் போய்க் கதவைத் தட்டும்போது 'இன்ன இடத்திலிருந்து வருகிறேன், இத்தனை பேருக்காக வருகிறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்துவருமாம். இன்றுதான் எனக்கே தெரியும். வருவது மனிதர் இல்லை, இயந்திரம் என்பது அவருக்குத் தெரியவில்லை. முப்பது வருடமாக இயந்திரத்தோடு புழங்குகிறவர்! சத்தத்தை வைத்தே எந்த பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவர்!

மார்ச் 18, புதன்

ஐந்தை அழித்தால் அவர் கண் முன்னால் ஐந்து பேர் எழுந்து போவார்கள். அழிக்காவிட்டால் இது ஏமாற்று. வேண்டுமென்று செய்யவில்லைதான். ஆனால் தெரிந்த பிறகும் விட்டுவைத்தால்?

நிஜமாகவே ஆள் சேர்த்துவிட்டால் என்ன? மாவுக்காரரைப் பிடித்தேன். உட்கார வைத்து ஒரு பதிவைப் படிக்கக் கொடுத்தேன். லிஃப்ட் குழிக்குள் இறங்கிப் பார்த்தால் ஒரு கட்டடம் எதையெல்லாம் தொலைத்தது என்று தெரியும் என்கிற பதிவு. சீப்பு, சாவி, ஒற்றைத் தோடு, காகிதத்தில் பத்திரமாக மடித்த ஒரு பால்பல். மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், முகமெல்லாம் மாவு.

"அண்ணே, ஒரு ரீடர் வச்சுத் தரேன், தினமும் படிக்கிறீங்களா?"

"ரீடரா? நீங்களே வாயால சொல்லுங்கம்மா. கேக்க நல்லா இருக்கு."

ஆள் சேர்ப்பு அதோடு முடிந்தது.

மார்ச் 20, வெள்ளி

முதல் பாகம், வேலை தேடும் பையனுக்கு. முதல் வேலைக்குப் போன நாளில் மேஸ்திரி நாத்தனாரைப் பார்த்து "பொம்பளைப் பிள்ளைக்கு லிஃப்ட்ல ஏறத்தானே தெரியும்" என்றாராம். அன்று மாலை அதே மேஸ்திரி உள்ளே மாட்டிக்கொள்ள, அவர்தான் மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை இறக்கியிருக்கிறார். இறக்குவதற்கு முன் கொஞ்சம் யோசித்தாராம்! நான் லேபில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

மூன்றாவது பாகம், நர்ஸுக்கு. ஸ்ட்ரெச்சர் ஏற்றும் லிஃப்டைச் சரிபார்க்கும்போது மட்டும் கூடுதலாக ஒரு முறை தானே படுத்துப் பார்ப்பாராம், ஆட்டம் தெரிகிறதா என்று. யாரும் கேட்கவில்லை, விதியிலும் இல்லை. படுத்துப் பார்ப்பாராம்!

இந்த மனுஷியோடு பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை உப்பு சரியாக இருக்கிறதா இல்லையா என்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 29, ஞாயிறு

ஐந்து பாகம் வந்துவிட்டது. இப்படி ஓடி ஓடி நாத்தனார் எழுதி நான் பார்த்ததில்லை. இன்று சாப்பாட்டின்போது பாட்டுகூட முணுமுணுத்தார். "என்னக்கா, லாட்டரி அடிச்சுதா?" என்று கேட்டார் இவர். "அதைவிட மேல" என்றார்.

சோறு இறங்கவில்லை எனக்கு.

மார்ச் 31, செவ்வாய்

மாலை நான்கு மணிக்குப் பழசு நின்றது. வெறும் பக்கம். போய் வா.

ஏப்ரல் 1, புதன்

இதை நான் யோசித்திருக்க வேண்டும். எப்படி யோசிக்காமல் விட்டேன்? அஞ்சு பேரைப் பத்தியே கவலைப்பட்டேனே தவிர—

அவர் பதிவு, மொத்தமே ஐந்து வரி. 'முதல் ஆளை நேற்று மாலையிலிருந்து காணவில்லை. இரண்டரை வருடம் ஒரு நாள் தவறாமல் வந்தவர். ஐந்து பாகத்தில் எதையோ தப்பாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. ஆறாவது பாகத்தில் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அவருக்காக வைத்திருந்தேன். இனி அது வேண்டாம். எழுதியதெல்லாம் போதும்.'

நான் போகலைக்கா! இங்கதான் இருக்கேன்! எங்க போவேன்?

ஏப்ரல் 3, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

அரைநாள் விடுப்பு போட்டு, அவர் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனேன். மொட்டைமாடிக்கு மேல் இயந்திர அறை. தரையில் உட்கார்ந்து பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். முழங்கை வரை கிரீஸ்.

"என்ன இந்தப் பக்கம்? உங்க வீட்டு லிஃப்ட் நின்னுடுச்சா?"

வழியெல்லாம் மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை. "உங்க முதல் ஆளு போகலைக்கா" என்றேன். "அந்த ரீடரை மூடிட்டாங்க. அதனாலதான் வரலை. அது நான்தான்."

ஸ்பேனர் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக, "நீ படிக்கிறியா?" என்றார்.

"ரெண்டரை வருஷமா. ஒரு வரி விடாம."

அவர் முகத்தில் ஏதோ மலர வந்தது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் மிச்சமிருந்த ஐந்து பேரோடு அவர் சந்தோஷமாக இருந்திருப்பார். முடியவில்லை.

"மத்தவங்களும் நான்தான்கா. எந்த ரீடர் நல்லா இருக்குன்னு பார்க்க அஞ்சுலயும் உங்களைச் சேர்த்து வச்சேன். வர்றது ஆளில்ல, மெஷின்."

"வாத்தியார்?"

"நான்தான்."

"கைக்குழந்தைக்காரி?"

"நான்தான்கா."

"அந்தப் பையன்?"

தலையை ஆட்டினேன்.

"அவனுக்கு வேலை கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டேண்டி நான்" என்றார்.

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக என்னை 'டி' போட்டார். திட்டு மாதிரியும் இல்லை. அழுகை மாதிரிதான் இருந்தது. பிறகு துணியை எடுத்துக் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "கீழ போ. இங்க வேலை நடக்குது."

லிஃப்டைத்தான் நிறுத்தி வைத்திருக்கிறாரே. ஒன்பது மாடியும் படியில் இறங்கினேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

"அக்காவுக்கு உடம்பு சரியில்லையாம், சாப்பாடு அடுத்த வாரமாம்" என்றார் இவர். "என்ன, ரெண்டு பேருக்கும் ஏதாவது முட்டிக்கிச்சா?"

"ஒண்ணுமில்லை" என்றேன்.

ஏப்ரல் 9, வியாழன்

பதிவு இல்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்றும் சாப்பாடு இல்லை. நான் செய்தது சரிதானா? யாருக்கு நல்லது செய்தேன்? என் மனசாட்சியைக் கழுவிக்கொள்ள அவருடைய ஐந்து பேரைக் கொன்றுவிட்டு வந்தேனோ?

ஏப்ரல் 14, செவ்வாய்

அமைதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் அழித்தேன். இதற்குத்தான் ஒரு மாதப் பரீட்சை. நல்ல ரீடர்தான், குறையே சொல்ல முடியாது. காலை ஆறுக்குப் போய் எல்லோர் வீட்டிலும் எடுத்துவந்து வைக்கிறது. எழுபத்திரண்டாவது வீட்டில் மட்டும் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

வந்திருக்கிறது.

தலைப்பு: 'ஆறாவது பாகம்'. 'இதைப் படிக்கப்போவது யாரென்று இப்போது எனக்குத் தெரியும். அதனால் கற்பனை எதுவும் தேவைப்படவில்லை' என்று ஆரம்பிக்கிறது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார். 'வேலை நடக்கிறது' என்று பலகை தொங்கியிருக்கிறது. யாரோ அதைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். கூண்டு அவரைச் சுமந்துகொண்டே மேலே ஏறியிருக்கிறது. மேலே கான்கிரீட் கூரை. நிறுத்தும் பொத்தான் கைக்கு எட்டவில்லை. அப்படியே மல்லாந்து படுத்திருக்கிறார். மூக்குக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்போது நின்றதாம். அங்கேயே ஒரு மணி நேரம். கத்தினால் மறுபடி நகர்ந்துவிடுமோ என்று கத்தவுமில்லையாம்.

பிறகு எழுதியிருந்தார்: 'இறங்கி வந்து முகம் கழுவி நேரே வீட்டுக்குப் போனேன். கல்யாணமாகித் தம்பி முதல் தடவையாகப் பெண்டாட்டியை அழைத்து வரும் நாள் அது. அவள் வாசலில் நின்றாள். உள்ளே வா என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. எடுத்தேன், கை நடுங்கியது, புதுப்பெண் முன்னால் கீழே போட்டுவிடுவேன் என்று வைத்துவிட்டேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். மறுநாள் சொல்லியிருக்கலாம். மறுநாளும் கை நிற்கவில்லை. அப்புறம் நாள் தள்ளிப் போய்விட்டது.'

அந்தத் தண்ணீரைப் பற்றி நான் என் அம்மாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! வந்த பெண்ணுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்காத மகராசி என்று எத்தனை தடவை! இந்த நாட்குறிப்பில்கூட எழுதத் தோன்றாத அளவுக்கு அது எனக்குப் பழகிப்போன விஷயம்.

லேபின் பின்பக்கம் போய் அழுதேன். மாவுக்காரர் எதுவும் கேட்காமல் ஒரு டீ வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். நான் கதவருகே செருப்பைக் கழற்றும்போதே, "படிச்சியா?" என்றார். இவர் பக்கத்திலேயே நிற்கிறார்.

"ம்."

"எப்படி இருக்கு?"

எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே ஜாதிதான். "பிரமாதம்கா. நாலாவது பத்தி மட்டும் கொஞ்சம் இழுவை."

"எனக்கும் தோணுச்சு."

"என்ன படிச்சே? எதைப் பத்திப் பேசுறீங்க ரெண்டு பேரும்?" என்றார் இவர்.

நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு, "காட்டு அவனுக்கு" என்றார்.

அமைதியைத் திறந்து ஃபோனைக் கொடுத்தேன். இவர் நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தார், பிறகு உட்கார்ந்தார். நாத்தனார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தட்டு வைத்தார், வைத்த தட்டையே மறுபடி எடுத்து வைத்தார்.

"அன்னைக்கா அக்கா?" என்றார் இவர்.

"ஆமாடா."

"என்கிட்ட ஏன்கா சொல்லலை?"

"கேக்க யாராவது இருந்தாதானே சொல்லத் தோணும். சரி, சோறு ஆறுது, உக்காருங்க."

ஏப்ரல் 27, திங்கள்

காலையில் இவர் வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றார். "இந்த ரீடரை என் ஃபோன்ல எப்படிப் போடுறது?"